துளைகளுக்கு நடுவே ஒரு ஒலி

அனைவருக்கும் வணக்கம்.

முதல் வரிசையில் ஒருவர் கையில் ஓரடி நீளத்துக்கு ஒரு பிலிம் துண்டும் ஒரு பூதக்கண்ணாடியும் கொடுத்திருக்கிறேன். பார்த்துவிட்டு அடுத்தவரிடம் தாருங்கள். கடைசி வரிசை வரை போய், நான் பேசி முடிப்பதற்குள் அது திரும்பி என்னிடம் வந்தாக வேண்டும். ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது.

35 மி.மீ. பிலிம் அது. ஓரடிக்கு 16 ஃபிரேம். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிற கணக்கில், உங்கள் கையில் இருப்பது மூன்றில் இரண்டு பங்கு வினாடிச் சத்தம். ஒரு வார்த்தை சொல்லி முடிக்கவே காணாது. ஆனால் அந்தத் துண்டில் ஒரே ஒலிக்கு நான்கு விதமான அடையாளம் இருக்கிறது. படத்தை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் பாருங்கள்.

படத்துக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் நெளிந்து நெளிந்து போகும். அது பழைய அனலாக் ஆப்டிகல் டிராக். கோடு அகன்றால் வெளிச்சம் அதிகம், ஒடுங்கினால் குறைவு. அந்த ஏற்ற இறக்கத்தை மின்சாரமாக்கினால் அதுதான் ஒலி. கோட்டுக்கும் படத்துக்கும் நடுவில் மோர்ஸ் தந்தி போலப் பொடிப்பொடியாகக் கோடுகள் தெரிந்தால், அது டிடிஎஸ் என்ற டிஜிட்டல் ஒலிமுறையின் குறி. பிலிமின் இரண்டு வெளி ஓரங்களிலும் நீலநிறத்தில் மணல் தூவினாற்போல இருப்பது சோனியின் டிஜிட்டல் ஒலிமுறையான எஸ்டிடிஎஸ். இன்னும் ஒன்று இருக்கிறது. அது எளிதில் கண்ணில் படாது. அனலாக் டிராக் பக்கத்துத் துளைகளைப் பாருங்கள். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் சாம்பல் நிறச் சதுரம் ஒன்று. கண்ணாடியை வைத்தால் அதன் நட்டநடுவில் டால்பியின் இரட்டை டி முத்திரை. தன் பெயரை ஒவ்வொரு சதுரத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். வினாடிக்கு 96 தடவை கையெழுத்துப் போடுகிற கம்பெனியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏன் 96? ஒரு ஃபிரேமுக்கு நான்கு துளைகள், 24 ஃபிரேம். அவ்வளவுதான். சரி, அந்தச் சதுரத்துக்குள் என்ன இருக்கிறது? குறுக்கே 76, நெடுக்கே 76, ஆக 5,776 புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெளிச்சம். துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையம் வரை 4.75 மி.மீ. துளையின் உயரத்தைக் கழித்தால் நடுவில் மிஞ்சுவது 2.77 மி.மீ. அதற்குள் 76 வரிசை அடங்க வேண்டுமென்றால், ஒரு புள்ளிக்குக் கிடைப்பது ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட வராது. தலைமுடியின் தடிமனைவிடச் சின்னது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எப்படி எழுதுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகலாம்.

ஒலிக்கலவை முடிந்ததும் அதைச் சுருக்க வேண்டும். ஐந்து சேனலை, அதாவது ஐந்து தனித்தனி ஒலித்தடங்களை, வினாடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்று அப்படியே வைத்தால் வினாடிக்கு 38 லட்சத்து 40 ஆயிரம் பிட் ஆகும். சதுரங்களில் கிடைக்கும் இடமோ 5,776-ஐ 96-ஆல் பெருக்கினால் ஐந்தரை லட்சம்தான். அதனால் ஏசி-3 என்ற முறையில், காது கவனிக்காத பகுதிகளைக் கழித்துக் கழித்து 3 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியானால் மிச்சம் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் இருக்கிறதே, அது எதற்கு? அதை ஒலிக்குக் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாகக் கேட்டிருக்குமே? நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். பெரும்பகுதி பிழை திருத்தத்துக்குப் போகிறது. பிலிம் கீறல் படும், தூசி படியும், எண்ணெய் ஒட்டும், இதெல்லாம் நடந்தே தீரும் என்று வடிவமைத்த அன்றே முடிவு செய்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கெட்டுப்போகாத பிலிம் என்று ஒன்று இருப்பதாக அவர்கள் கனவு காணவில்லை.

அப்புறம் சவுண்ட் நெகட்டிவ். படத்துக்கு ஒரு நெகட்டிவ், ஒலிக்குத் தனி நெகட்டிவ். இரண்டையும் வண்ணப் பாசிட்டிவ் மீது அச்சடித்தால்தான் தியேட்டருக்குப் போகும் பிரிண்ட் கிடைக்கும். ஒலிக்கான கேமராவில் லென்ஸுக்கு முன்னால் நடிகர் யாரும் நிற்பதில்லை. புள்ளிக் கோலத்தை ஒளியால் நேரடியாக, அதிகக் கான்ட்ராஸ்ட் உள்ள கறுப்பு வெள்ளை பிலிம் மீது எழுதுகிறது. எழுதும்போது ஒரு தொல்லை வரும். ஒளி பட்ட இடத்தோடு நிற்காது. பிலிம் மேல் பூசிய ஒளியுணர் பூச்சான எமல்ஷனுக்குள் சிதறிப் பக்கத்துக்கும் கசியும். வடிதாளில் மைப்புள்ளி ஊறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் புள்ளி ஊதிப்போகும், நடுவிலுள்ள வெள்ளை இடம் நெருங்கிப்போகும்.

இதற்குத் தீர்வு கசிவை நிறுத்துவதில் இல்லை. அது நிற்காது. நெகட்டிவிலிருந்து பிரிண்ட் எடுக்கும்போது ஒளி வெள்ளை இடங்கள் வழியாகப் போகிறது. அங்கேயும் அது கசியும், ஆனால் இந்த முறை எதிர்த்திசையில். நெகட்டிவில் ஊதிய புள்ளி பிரிண்டில் ஒடுங்கும். இரண்டு தவறும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிற மாதிரி நெகட்டிவின் கருமையையும் பிரிண்டின் கருமையையும் பொருத்தி வைப்பதுதான் லேபின் வேலை. அனலாக் டிராக்கிலும் இதே வித்தைதான். அங்கே தவறினால் ‘ஸ’ எழுத்தெல்லாம் கரகரக்கும், காதே காட்டிக் கொடுத்துவிடும். டிஜிட்டலில் காதை நம்பிப் பயனில்லை. வெவ்வேறு வெளிச்சத்தில் சோதனைத் துண்டுகள் எடுத்து, கழுவி, பிரிண்ட் போட்டு, ரீடரில் ஓட்டிப் பிழையை எண்ண வேண்டும். நான் லேபில் இருந்த காலத்தில் இந்தச் சோதனைத் துண்டுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். படங்களைப் பார்த்தது குறைவு. பிரிண்டிங் மெஷினில் இரண்டு பிலிமும் ஒட்டி ஓடும்போது இம்மியளவு வழுக்கினாலும் புள்ளிகள் கலங்கிவிடும். படத்தில் அது தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

இனி படிக்கும் பக்கம். புரொஜெக்டரில் படம் ஓடுவதில்லை, தாவுகிறது. வினாடிக்கு 24 தடவை நின்று நின்று போகும். ஒலியோ சீராக ஓடினால்தான் படிக்க முடியும். அதனால் படத்தைக் காட்டுகிற இடத்தில் ஒலியைப் படிக்க முடியாது. அனலாக்கைப் படிக்கும் தலை, படம் நின்று வெளிச்சம் படுகிற படவாயிலுக்குக் கீழே இருக்கும். டிஜிட்டல் ரீடரைப் பல இடங்களில் புரொஜெக்டரின் தலைமேல் கூடுபோல ஏற்றி வைத்தார்கள். பின்னால் விளக்கு, முன்னால் வரிசையாக ஒளி உணரிகள். பிலிம் நகர நகர ஒவ்வொரு வரியாகப் படித்து, சதுரத்தை முழுசாகக் கட்டி எடுத்துக்கொள்ளும். பிலிம் இடதும் வலதுமாக ஆடும் என்பதால், சதுரத்தின் மூலைகளில் அடையாளக் குறிகள் உண்டு. முதலில் மூலையைத் தேடிப் பிடி, பிறகு புள்ளியை எண்ணு.

மேலே ரீடர் என்றால், ஒலி முதலில் வந்துவிடுகிறது, அதற்குரிய படம் பிறகுதான் வாயிலுக்கு வருகிறது. வந்த ஒலியை நினைவகத்தில் நிறுத்தி வைத்து, படம் வரும்போது விட வேண்டும். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது ரீடருக்கும் வாயிலுக்கும் நடுவே எத்தனை துளை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிலிமை மாட்டுகிற ஆபரேட்டர் ஒரு வளையத்தைக் கூடுதலாக விட்டுவிட்டால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

இப்போது மூன்று கம்பெனிகளின் கதை. உண்மையில் நான்கு. முதலாவதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1990-இல் கோடாக்கும் ஆப்டிகல் ரேடியேஷன் கார்ப்பரேஷனும் சேர்ந்து சினிமா டிஜிட்டல் சவுண்ட் என்ற முறையைக் கொண்டுவந்தன. ‘டிக் ட்ரேசி’ படம் அதில் வந்தது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அனலாக் டிராக்கை அழித்துவிட்டு அந்த இடத்தில் டிஜிட்டலை வைத்தார்கள். டிஜிட்டல் நின்றால் தியேட்டரில் மயான அமைதி. இரண்டு வருடத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

பின்னால் வந்த மூன்று பேரும் அதைப் பார்த்துப் பாடம் படித்தவர்கள். அனலாக் டிராக்கைத் தொடக் கூடாது, டிஜிட்டல் விழுந்தால் தானாக அனலாக்குக்கு மாற வேண்டும். அப்படியானால் பிலிமில் மிச்சம் இருக்கிற இடம் எது? டால்பி 1992-இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு துளை நடுவே குடியேறியது. 1993 ஜூனில் சோனி ‘லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ’வோடு இரண்டு விளிம்பையும் எடுத்துக்கொண்டது. அதே மாதம் டிடிஎஸ் ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு வந்தது. அவர்கள் செய்தது வேறு தினுசு. ஒலியைப் பிலிமில் வைக்கவே இல்லை. குறுந்தகட்டில் வைத்தார்கள். பிலிமில் இருப்பது நேரக் குறி மட்டும். எந்தப் படம், எத்தனையாவது ரீல், எந்த இடம் என்று அது சொல்லும். தட்டு அந்த இடத்தைத் தேடி ஒலிக்கும்.

மூன்றில் எது சிறந்தது என்று சண்டை போடுவார்கள். ஒலித்தரத்தைப் பற்றிய சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான், பிலிம் அடிபட்ட பிறகு என்ன மிஞ்சுகிறது? டிடிஎஸ்ஸின் நேரக் குறி பெரியது, எளியது. கொஞ்சம் கீறினாலும் படித்துவிடலாம். சில வினாடி குறியே காணாமல் போனாலும் தட்டு பாட்டுக்கு ஓடும். சோனி ஒரு ஓரத்தில் உள்ள தகவலுக்கு மாற்றை மறு ஓரத்தில், 17 ஃபிரேம் தள்ளி வைத்தது. ஓரிடத்தில் பிலிமை வெட்டி ஒட்டினாலும் அசலும் மாற்றும் ஒன்றாகப் போகாது. ஆனால் தேர்ந்தெடுத்த இடம் விளிம்பு. எதில் உரசினாலும் முதலில் தேய்வது அதுதான். டால்பியின் இடம் பல்சக்கரம் கோர்க்கும் துளைகளுக்கு நடுவில், அதுவும் சுகமான இடம் அல்ல. எப்படியோ தாக்குப்பிடித்தது.

அனலாக் கெடும்போது படிப்படியாகக் கெடும். கரகரக்கும், பொரியும், நாம் பழகிக்கொள்வோம். டிஜிட்டல் கடைசி நொடிவரை எதுவுமே நடக்காதது போல் இருக்கும். கேபினில் டால்பி பெட்டியில் ஒரு எண் ஓடும். சின்ன எண்ணாக இருந்தால் ஆபரேட்டர் டீ குடிக்கப் போகலாம். எண் ஏற ஏறத் திருத்தும் வேலை கூடுகிறது என்று அர்த்தம். சபையில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த வித்தியாசமும் கேட்காது. பிறகு ஒரு கணத்தில் பின்புற ஸ்பீக்கர்கள் சுருங்கி, ஒலி முழுவதும் திரைக்குள் போய் ஒடுங்கியதுபோல் இருக்கும். அனலாக்குக்கு மாறிவிட்டது. இது பெரும்பாலும் ரீலின் தலையிலோ வாலிலோதான் நடக்கும். கை அதிகம் படுவது அங்கேதான். ஒரு தியேட்டரில் ரீல் முடிகிற இடத்தில் எல்லாம் மழை ஓய்ந்துவிடுகிறது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். படத்தில் மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது பிலிம் பிரிண்டுகள் பெட்டியில் இருக்கின்றன. ரீடர்கள் பழைய சாமானாகிவிட்டன. ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரிண்ட் வந்தால், டிடிஎஸ் நேரக் குறி பளிச்சென்று இருக்கும். தட்டு எங்கே என்று தேடினால் கிடைக்காது. பூட்டு இருக்கிறது, வீடு இல்லை. டால்பி சதுரத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. பிலிமின் முழு அகலத்தையும் துளையோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிட்டால், புள்ளிகளை மென்பொருளால் எண்ணி ஒலியாக்கலாம். அதற்குப் புரொஜெக்டரும் வேண்டாம், கூடும் வேண்டாம். இரண்டு பழைய பிரிண்டுகள் ஒரே சவுண்ட் நெகட்டிவிலிருந்து வந்தவை என்றால் இன்னும் நல்லது. சதுரத்துக்குச் சதுரம் இரண்டிலும் ஒரே கோலம்தான். இதில் கீறியதை அதிலிருந்து எடுக்கலாம். அனலாக்கில் இப்படி ஒட்டுப்போட்டால் ஒட்டு கேட்கும்.

துண்டு வந்துவிட்டதா? கொடுங்கள். எல்லோரும் ஒழுங்காக ஓரத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். படத்தில் விரல் படக் கூடாது, ஓரத்தைப் பிடி என்றுதான் லேபில் எங்களுக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். கண்ணாடியைத் தாருங்கள்... நீல மணல் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை முழுசாக இருக்கிறது. இந்தப் பக்கம் இன்னொன்று. சோனியின் மாற்று 17 ஃபிரேம் தள்ளி இருக்கிறது என்றேன், இந்தத் துண்டில் மொத்தமே 16 ஃபிரேம்தான்.