கண்ணகியும் பத்தி பிரிச்சுத்தான் பேசுனா

நடுவர் அவர்களே, எதிரணியே, நம்மணியே, பின்னாடி டீ கிளாஸோட நிக்கிற அண்ணன்மாரே, எல்லாருக்கும் வணக்கம். மாணவர் எழுத்து படிக்கிறவங்க மனச மாத்தணும்னா வேண்டியது உணர்ச்சியா, கட்டமைப்பா? நான் கட்டமைப்பு.

எதிரணித் தம்பி என்ன கேட்டுட்டுப் போனாரு? "கண்ணகி என்ன முன்னுரை, பொருளுரை, முடிவுரைனு எழுதி வச்சுக்கிட்டா பாண்டியன் சபைக்குப் போனா?" நீங்களும் கைதட்டுனீங்க. ஆனா தம்பி, அந்தப் பேச்ச ஒரு தடவ முழுசாப் படிச்சிருக்கலாம்ல? தலைவிரி கோலமா, கண்ணுல தண்ணியோட நிக்கிறா, அப்பவும் மொத வார்த்தையே "தேரா மன்னா!" விசாரிக்காம தீர்ப்பு சொன்னவனேன்னு கருத்த மொதல்லயே போட்டுட்டா. அடுத்து உதாரணம், புறா கஷ்டத்தத் தீத்தவன், பசு கண்ணீருக்காகப் பெத்த புள்ளையத் தேர்ச்சக்கரத்துல போட்டவன், அவங்க ஆண்ட புகார்தான் என் ஊருங்கிறா. அப்புறம் விவரம், புருஷன் யாரு, சிலம்பு விக்க வந்தவன் என்ன ஆனான். கடைசில ஆதாரம், என் சிலம்புல மாணிக்கம். ராஜா எங்களுது முத்துங்கிறான், இவ உடைக்கிறா, மாணிக்கம் ராஜா வாயிலயே தெறிக்குது! ஆதாரம்னா அப்படித் தெறிக்கணும் தம்பி.

கலெக்டர் ஆபீஸ் வாசல்ல திங்கக்கிழமை மனு நாள் பாத்திருக்கீங்களா? ஒரு பாட்டி, மனு எழுதிக் குடுக்கிறவர் முன்னாடி உக்காந்து கதைய ஆரம்பிக்குது. எங்கேருந்து? தன் கல்யாணத்துலேருந்து! கல்யாணம் முடிஞ்சு, மாமியா சண்ட முடிஞ்சு, மூத்தவன் பொறந்து, ஆடு செத்து... அந்த ஆட்டுக்கு மட்டும் அஞ்சு நிமிஷம். அவரு பேனாவ மூடிட்டு, "ஆத்தா, கலெக்டர் என்ன செய்யணும்?"னாரு. பாட்டி, "ஆட்டுக்கா?"ன்னுச்சு!

மறுபடி கேட்டாரு, மறுபடி ஆட்டுலேருந்தே வருது. கடைசில, "மாசாமாசம் வந்த 1200 ரூவா முதியோர் பணம் நின்னு போச்சுய்யா." அவ்ளோதான், அவரு கை ஓடுது. பொருள்னு ஒரே வரி. மொத பத்தி, எந்த மாசத்துலேருந்து வரல. ரெண்டாவது, பாஸ்புக் நகல் இணைச்சிருக்கேன். மூணாவது, பணம் திரும்ப வர உத்தரவு போடுங்க. ஆடு? ஆட்டுக்கு மனுவுல எடமில்ல. நம்ம புள்ளைங்க பரீட்சைக் கட்டுரைல பாதிப் பக்கம் இந்த ஆடுதாங்க மேயுது! ஒரு பத்திக்கு ஒரு கருத்து, அது மொத வரியிலயே வரணும், மிச்ச வரியெல்லாம் அதுக்குக் காரணம், சாட்சி. இதச் சொல்லிக் குடுத்தா ஆடு தானா வெளிய போயிரும்.

எழுதி முடிச்சு வாசிச்சுக் காட்டுனாரு. பாட்டி முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டு, "நான் சொன்னது இதாம்யா"ன்னுச்சு. ஐயா, நம்ம ஆத்தாமாரு எத்தன பேரு எவனோ எழுதுனதுக்குக் கீழ கைநாட்டு வச்சுட்டு வெயில்ல நின்னாங்க? என்ன எழுதியிருக்குன்னே தெரியாம நின்னாங்களே! அவங்க பேத்தி இன்னைக்குப் பேனா புடிக்கிறா, அவ எழுதுற மனு திரும்பி வரலாமா, நீங்களே சொல்லுங்க!

மணி அடிக்காதீங்க நடுவரே, முடிச்சிட்டேன். தீர்ப்ப எத்தன பத்தியில வேணாச் சொல்லுங்க, எங்க அணி ஜெயிச்சிருச்சுன்னு மட்டும் மொத வரியிலயே போட்ருங்க. வணக்கம்.