ஒருமுறை வந்த ரத்த உறைவு திரும்ப வருமா?

[திரையில்: இரண்டு கால்கள். இடது கெண்டைக்கால் மட்டும் சற்றுப் பருமனாக.]

இரண்டு பேர். இருவருக்குமே காலின் ஆழத்தில் ஓடும் சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ரத்தம் உறைந்துவிட்டது. ஒருவருக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன் முடிந்த இரண்டாவது வாரம். இன்னொருவர் வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தவர். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் கால் வீங்கியிருந்தது. யாருக்குத் திரும்ப வரும்?

ஆபரேஷன் ஆனவருக்குத்தான் என்று தோன்றும். கத்தி, கட்டு, படுக்கை என்று பார்க்கவே பயமாக இருக்கிறதே! ஆனால் நடப்பது நேர்மாறு.

[திரையில்: நூறு பொம்மைகள். சில சிவப்பாக மாறுகின்றன.]

சிகிச்சை முடிந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்திய பிறகு, பெரிய ஆபரேஷனால் உறைவு வந்தவர்களில் முதல் வருடத்தில் நூற்றுக்குச் சுமார் 1 பேருக்குத்தான் திரும்ப வருகிறது. காரணமே பிடிபடாமல் வந்தவர்களில் அது சுமார் 10 பேர். ஐந்து வருடத்தில் 25 பேர், பத்து வருடத்தில் 36 பேர் வரை போகிறது.

ஏன் இப்படி? ஆபரேஷன் ஒரு தற்காலிகக் காரணம். காயம் ஆறி, ஆள் எழுந்து நடந்ததும் அது போய்விடுகிறது. எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்ததும் அப்படித்தான். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான். அதை விட்டால் ஆபத்து நன்றாகக் குறையும். இரண்டாமவருக்கோ, உறையவைத்தது எது என்றே தெரியாது. தெரியாதது இன்னும் உடம்புக்குள்தான் இருக்கிறது.

போகாத காரணங்களில் முதலில் புற்றுநோய். அது உடம்பில் இருக்கும்வரை உறைவு திரும்பும் ஆபத்தும் கூடவே இருக்கும். அடுத்து, உடம்பின் எதிர்ப்பு சக்தியே ரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிபிட் நோய். இதில் எந்த மாத்திரை என்பதே தனிக் கேள்வி. புதுவகை மாத்திரைகளைவிடப் பழைய வார்ஃபரின்தான் பலருக்குப் பாதுகாப்பு.

ஆணாக இருப்பதும் ஆபத்துதான், பெண்களைவிடக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. உடல் பருமனுக்கும் பங்கு உண்டு. முழங்காலுக்கு மேலே, தொடைச் சிரையில் உறைந்திருந்தால் கெண்டைக்காலில் உறைந்ததைவிடத் திரும்பும் வாய்ப்பு அதிகம். முதல்முறை நுரையீரல்வரை போயிருந்தால், மறுமுறையும் அங்கேயே போகும் வாய்ப்பு கூடுதல். இதைத்தான் டாக்டர்கள் அதிகம் கவனிப்பார்கள்.

மரபணு பரிசோதனை? எல்லாரும் கேட்பது இதைத்தான். ரத்தம் எளிதில் உறையவைக்கும் ‘ஃபேக்டர் ஃபைவ் லைடன்’ என்ற மரபணு மாற்றம் ஒரே ஒரு பிரதியில் இருந்தால், திரும்ப வரும் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும். என்னைக் கேட்டால், ‘முதல்முறை ஏன் வந்தது?’ என்ற சாதாரணக் கேள்வி அதைவிட அதிகம் சொல்லும்.

சரி, மாத்திரை எத்தனை நாள்? குறைந்தது மூன்று மாதம். அதற்கப்புறம் தராசுதான்: ஒரு தட்டில் உறைவு, மறுதட்டில் ரத்தக்கசிவு. தொடர வேண்டியவர்களில் பலருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு குறைந்த டோஸே போதும். வீக்கம் வடிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

[திரையில்: முழங்காலுக்குக் கீழே ஓர் அளவு நாடா.]

இன்னொரு சிக்கல். உறைந்த சிரையின் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு வால்வுகள் கெட்டுப்போனால், அந்தக் கால் சாயங்காலமானால் வீங்கிக்கொண்டேதான் இருக்கும். அப்போது இது பழைய வீக்கமா, புது உறைவா? ஸ்கேனில்கூடப் பழைய தழும்பு புதுக் கட்டி போலத் தெரியலாம். அதனால் சிகிச்சை முடியும்போது ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கெண்டைக்காலின் வழக்கமான சுற்றளவையும் அதிலேயே குறித்து வையுங்கள். திடீரென்று அளவு கூடினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நாடாவைத் தேட வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.