பனி மேல் பழி போடாதீர்கள்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அறுபது வருஷத்துக்கு முந்தைய கௌபாய் தொடருக்காக ஒரு மாலைப் பொழுதையே ஒதுக்கி வந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

“‘தி அலாஸ்கன்ஸ்’ தொடர் ஒரே சீசனில் முடிந்துபோனதற்குக் காரணம் கதைக்களமா, ஸ்டுடியோவா?” இதுதான் தலைப்பு. ஸ்டுடியோதான் என்பது எங்கள் அணி. தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. தயாரிப்பு வார்னர் பிரதர்ஸ். 1890களின் கடைசியில் தங்கம் தேடிக் கூட்டம் அலைமோதிய ஸ்காக்வே என்ற அலாஸ்காத் துறைமுக ஊர்தான் களம். சில்க்கி ஹாரிஸ் என்ற எத்தனாக ரோஜர் மூர். ஆமாம், பின்னாளில் ஜேம்ஸ் பாண்டாக வந்த அதே மூர்தான். கூட்டாளி ரெனோவாக ஜெஃப் யார்க், பாடகி ராக்கியாக டொரத்தி புரொவைன், வில்லன் நிஃப்டி குரோனினாக ரே டான்டன். ஒரு மணி நேரத் தொடர், 37 எபிசோடு. 1960 ஜூனில் கதை முடிந்தது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி என்ன சொன்னார்? கௌபாய் கதை என்றால் வெயில் வேண்டும், புழுதி வேண்டும், குதிரை வேண்டும். கம்பளிக் கோட்டைப் பத்து சுற்று சுற்றிக்கொண்டு நிற்கிற கதாநாயகன் துப்பாக்கியை எடுப்பதற்குள் வில்லன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவான் என்றார். நானும்தான் கைதட்டினேன். ஆனால் அம்மா, 1925லேயே ‘தி கோல்ட் ரஷ்’ படத்தில் அதே தங்க வேட்டைப் பனியில் சாப்ளின் தன் பூட்ஸை வேகவைத்துச் சாப்பிட்டார். உலகமே கொட்டகைக்கு ஓடியது. பனி யாரையும் விரட்டவில்லையே! அதுவும் இந்தத் தொடர் வந்த நேரத்தைப் பாருங்கள். 1959 ஜனவரி 3ஆம் தேதிதான் அலாஸ்கா அமெரிக்காவின் 49ஆவது மாநிலமானது. இதைவிட நல்ல நேரம் எந்தத் தயாரிப்பாளருக்கு வாய்க்கும்?

சரி, அந்த ஊரில் கதை பண்ணச் சரக்கு இல்லையா? அதையும் பார்த்துவிடுவோம்.

1896 ஆகஸ்டில் கனடாவின் குளோண்டைக் பகுதியில் ஓர் ஓடையில் தங்கம் கிடைத்தது. செய்தி வெளி உலகத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. 1897 ஜூலையில் ‘எக்செல்சியர்’ கப்பல் சான் பிரான்சிஸ்கோவிலும் ‘போர்ட்லாந்து’ கப்பல் சியாட்டிலிலும் தங்கத்தோடு வந்து நின்றன. அவ்வளவுதான், ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் புறப்பட்டதாகவும் அதில் முப்பது, நாற்பதாயிரம் பேரே போய்ச் சேர்ந்ததாகவும் கணக்குச் சொல்வார்கள். அவர்களில் பெருங்கூட்டம் வந்து இறங்கிய இடம்தான் ஸ்காக்வே.

அந்த இடத்தில் வில்லியம் மூர் என்ற கப்பல் தலைவர் 1887லேயே குடியேறி, என்றாவது ஒரு நாள் இந்த வழியாகக் கூட்டம் வரும் என்று பத்து வருஷம் காத்திருந்தார். (நடிகர் மூருக்கும் இவருக்கும் உறவு கிடையாது, தேட வேண்டாம்.) கூட்டம் வந்தது. வந்தவர்கள் அவரைக் கேட்காமலே அவர் நிலத்தை அளந்து, தெரு போட்டு, மனை பிரித்துக்கொண்டார்கள். தெருவுக்கு இடைஞ்சல் என்று அவர் வீட்டையே நகர்த்தச் சொன்னார்கள்! மனுஷன் விடவில்லை, வழக்குப் போட்டார். வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் மனைகளின் மதிப்பில் கால்பங்கு வாங்கினார். இந்த ஒரு மனிதரை வைத்தே ஒரு சீசன் ஓட்டலாமே ஐயா!

அடுத்து மலைப்பாதை. ஒரு வருஷத்துக்கான உணவு இல்லாமல் கனடா போலீஸ் எல்லையைத் தாண்ட விடாது. மற்ற தளவாடங்களோடு சேர்த்தால் ஆளுக்கு ஒரு டன் அளவு மூட்டை. அத்தனையையும் நடை நடையாகச் சுமந்து ஏற்ற வேண்டும். ஸ்காக்வேயிலிருந்து போகும் வைட் பாஸ் பாதையில் சுமார் 3,000 குதிரைகள் செத்தன. அதற்கு ‘செத்த குதிரைப் பாதை’ என்றே பேர் விழுந்தது. குதிரை இல்லாத கௌபாய் கதையா என்று சகோதரி கேட்டார். குதிரை இருந்தது அம்மா, பார்க்கத்தான் நமக்கு நெஞ்சுரம் வேண்டும்.

இனி என் பிரியமான ஆள், சோப்பி ஸ்மித். டாலர் நோட்டைச் சோப்புக் கட்டி மேல் சுற்றி விற்கிற மாதிரி கண்கட்டு வித்தை காட்டி ஏமாற்றியதால் வந்த பேர் அது. ஸ்காக்வேயில் அவன் கும்பல் ஒரு தந்தி அலுவலகம் நடத்தியதாக ஊரில் சொல்வார்கள். 5 டாலர் கொடுத்தால் வீட்டுக்குத் தந்தி அடிக்கலாம். கொஞ்ச நேரத்தில் பதிலும் வந்துவிடும்: “உடனே பணம் அனுப்பு.” அந்தப் பணத்தையும் அங்கேயே கட்டலாம். ஒரே ஒரு சிக்கல், அந்த ஊருக்குத் தந்திக் கம்பி வந்ததே 1901இல்தான்! 1898 ஜூலை 4 விடுதலை நாளில் குதிரை ஏறிப் பெரிய மனிதனாக வலம் வந்தவன், ஜூலை 8ஆம் தேதி துறைமுக மேடையில் சுடப்பட்டுச் செத்தான். அவனோடு மோதிய ஃபிராங்க் ரீட் குண்டடிபட்டுப் பன்னிரண்டு நாள் கிடந்து இறந்தார். அந்த ரீட் யார் தெரியுமா? கப்பல் தலைவர் மூரின் நிலத்தை அளந்து மனை பிரித்தவரே அவர்தான். இந்த முடிச்சை எந்தக் கதாசிரியரும் யோசிக்க வேண்டியதில்லை. ஊரே எழுதி வைத்திருக்கிறது.

இவ்வளவும் இருக்க, வார்னர் பிரதர்ஸ் என்ன செய்தது? தன்னுடைய இன்னொரு கௌபாய் தொடரான ‘மேவரிக்’கின் பழைய திரைக்கதைகளை எடுத்தது, பேரை மாற்றியது, ஊரை மாற்றியது, பனியைத் தூவியது. பிரியாணிக்கு அரிசி வாங்கி வைத்துவிட்டு நேற்றைய உப்புமாவைச் சூடு பண்ணிப் போட்ட கதைதான். அந்த ‘மேவரிக்’கும் அதே ஏபிசியில், அதே ஞாயிறு இரவில், இரண்டு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது! அன்று இரவு வரிசை என்ன? ‘கோல்ட் .45’, ‘மேவரிக்’, ‘லாமேன்’, ‘தி ரெபெல்’, கடைசியாக ஒன்பதரைக்கு நம்முடைய தொடர். ஐந்தும் கௌபாய். நாலு பந்தி சாப்பிட்டவனை ஐந்தாவது பந்திக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தால், அதுவும் எதிர்ச் சேனலில் ஹிட்ச்காக்கின் மர்மத் தொடர் இருக்கும்போது, அவன் எழுந்து போனதற்குப் பனியா காரணம்?

1960 ஜனவரியில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஸ்டுடியோ அசரவில்லை. பழைய கதைகளையே தொடருக்குத் தொடர் மாற்றிப் போட்டு, எழுதியவர் ‘டபிள்யூ. ஹெர்மனோஸ்’ என்று டைட்டில் கார்டு காட்டியது. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. ஸ்பானிஷில் ‘ஹெர்மனோஸ்’ என்றால் சகோதரர்கள்; அந்த மொழி தெரிந்தவர்களுக்கு ‘வார்னர் பிரதர்ஸ்’ என்றே புரிந்திருக்கும். சோப்பி ஸ்மித் இருந்திருந்தால் எழுந்து நின்று சலாம் போட்டிருப்பான்.

படப்பிடிப்பு எங்கே? கலிபோர்னியா வெயிலில். கம்பளி உடுப்புக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டு குளிரில் நடுங்குவது போல நடித்தார்கள். தான் நடித்ததிலேயே படுமோசமான தொடர் இதுதான் என்று மூரே பிற்பாடு சொன்னார்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்: 1960 அக்டோபரில் என்பிசி அதே ஸ்காக்வேயை வைத்து ‘குளோண்டைக்’ என்று ஒரு தொடர் போட்டதே, அதுவும் 1961 பிப்ரவரியோடு நின்றதே, அதில் வார்னர் கிடையாதே? நியாயமான கேள்விதான். அது அரை மணி நேரத் தொடர், ஆயுள் ஒரு குளிர்காலம்கூட இல்லை. அதை நிறுத்திய கையோடு அதே இரண்டு நாயகர்களை, ரால்ஃப் டேகரையும் ஜேம்ஸ் கோபர்னையும், ‘அகபுல்கோ’ என்று மெக்சிகோ கடற்கரைத் தொடருக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் வெயில் இருந்தது, மணல் இருந்தது, பனி மருந்துக்கும் இல்லை. அந்தத் தொடரோ ‘குளோண்டைக்’கைவிடச் சீக்கிரமே மூடப்பட்டது. பனிதான் குற்றவாளி என்றால் அது ஏன் படுத்தது?

கடைசியாக ஒன்று. ‘தி அலாஸ்கன்ஸ்’ முடிந்ததும் மூரை வார்னர் எங்கே அனுப்பியது? ‘மேவரிக்’ தொடருக்கே! அடுத்த சீசனில் போ மேவரிக் என்ற பாத்திரம். வருஷம் முழுக்க வேறு பேரில் மேவரிக் கதையில் நடித்தவரை, இந்தத் தடவை மேவரிக் என்ற பேரிலேயே நடிக்கச் சொன்னார்கள். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி ஐயா எனக்கு இது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்காரட்டும்: சோப்பி ஸ்மித் வாழ்ந்து செத்த ஊரைக் கையில் வைத்துக்கொண்டு, கதைக்கு ஏன் பக்கத்துத் தொடரின் கதவைத் தட்டினார்கள்?