சாம்பியன் கோப்பைக்கு விதை போட்டது சான்டியாகோ தான்

நடுவர் ஐயாவுக்கும் வந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம். கால்பந்துல நாட்டுக்கு நாடு சாம்பியன் கிளப்புங்க மோதற கோப்பைக்கு வழிகாட்டினது ஐரோப்பாவா தென் அமெரிக்காவா, இதானே தலைப்பு, நான் தென் அமெரிக்கா பக்கம் நிக்கறேன்.

முன்னாடி பேசின அண்ணன், 1955ல பிரான்ஸ் நாட்டு லெக்கீப் பத்திரிகை கூப்பிட்டு ஐரோப்பியக் கோப்பையில 16 கிளப் வந்து ஆடுச்சே, வரலாறே அங்கதான் ஆரம்பிக்குதுன்னு அடிச்சு சொன்னாரு. அண்ணே, அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே, 1948 பிப்ரவரி 11ம் தேதி, சிலி நாட்டு சான்டியாகோவுல பந்து உருள ஆரம்பிச்சிடுச்சு. அந்த ஊர் கிளப் கோலோ கோலோ தான் முன்ன நின்னு நடத்துச்சு, அர்ஜென்டினாவோட ரிவர் பிளேட், உருகுவேயோட நசியோனால், பிரேசில்ல இருந்து வாஸ்கோ ட காமா, அப்புறம் பெரு, ஈக்வடார், பொலிவியான்னு மொத்தம் ஏழு டீம், ஒவ்வொருத்தரும் மத்த ஆறு பேரோடயும் ஆடியாகணும், 21 மேட்ச், மார்ச் 17 வரைக்கும் போச்சு. ஒரு மாசத்துக்கு மேல நடந்த இதைப் போய் "ஏதோ நட்பு ஆட்டம்"னு அண்ணன் ஒதுக்கிட்டாரே, அது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்குங்க ஐயா.

1927லேயே மித்ரோபா கோப்பை இருந்துச்சேன்னு கேப்பாங்க. இருந்துச்சு, மறுக்கல. ஆனா அது மத்திய ஐரோப்பாவுல அக்கம்பக்கத்து நாலஞ்சு நாட்டுக்குள்ள நடந்தது, ஒரே நாட்டுல இருந்து ரெண்டு கிளப் எல்லாம் வந்துச்சு. நாட்டுக்கு ஒரு டீம்னு ஒரு கண்டத்தையே ஒரு ஊர்ல கூட்டினது சான்டியாகோ.

இன்னொண்ணு சொன்னாரு, வாஸ்கோ ஒண்ணும் பிரேசில் சாம்பியன் இல்ல, ரியோ சாம்பியன் தானேன்னு. சரிதான், அன்னிக்கு பிரேசில்ல தேசிய சாம்பியன்ஷிப்பே கிடையாது, 1959ல தான் வந்துச்சு, இல்லாத பட்டத்தை எங்க போய் வாங்கறது? ஆனா 1955ல ஸ்காட்லாந்துல ஆபர்டீன்னு ஒரு சாம்பியன் கண்ணு முன்னாடி இருக்கும்போது, லீக்ல அஞ்சாவது வந்த ஹிபர்னியனைத் தானே ஐரோப்பாக்காரங்க சேர்த்துக்கிட்டாங்க, அதை ஏன் அண்ணன் சொல்லல?

இப்ப மார்ச் 14க்கு வாங்க. வாஸ்கோவுக்கும் ரிவருக்கும் மேட்ச். அப்ப ஜெயிச்சா 2 பாயின்ட், டிரா ஆனா 1. வாஸ்கோ கையில 9 இருக்கு, ரிவர் கையில 6, ரிவருக்கு இன்னொரு மேட்ச்சும் பாக்கி. இதுல ரிவர் ஜெயிச்சுட்டா கதையே மாறிடும். ரிவர் பக்கம் முன்வரிசையில லபுரூனா, லூஸ்தா, கூடவே 21 வயசுப் பையன் டி ஸ்டெஃபானோ. வாஸ்கோ பக்கம் கோல்கீப்பர் பார்போசா. 90 நிமிஷம், 0-0, ஒரு பந்து உள்ள போகல. கடைசியில வாஸ்கோ 10 பாயின்ட்டோட சாம்பியன், ரிவர் 9, நசியோனால் 8. இவ்வளவு நெருக்கமா முடிஞ்சது விளையாட்டுக்கு ஆடின ஆட்டமா ஐயா?

அந்த டி ஸ்டெஃபானோ தான் பின்னாடி ரியல் மாட்ரிட்டுக்குப் போய், ஐரோப்பியக் கோப்பையை முதல் அஞ்சு தடவையும் வரிசையா ஜெயிச்சு, அஞ்சு ஃபைனல்லயும் கோல் போட்டவரு. ஐரோப்பா தன்னோட பெருமைன்னு காட்டற அதே ஆளு, ஐரோப்பாவுக்கு இந்த யோசனை வர்றதுக்கு முன்னாடியே சான்டியாகோவுல ஆடி ரெண்டாவதா வந்துட்டுப் போனவரு! நான் சொல்றதை நம்ப வேண்டாம், லெக்கீப்ல கேப்ரியல் ஹனோ கூட சேர்ந்து அந்தக் கோப்பைக்காக எழுதின பத்திரிகைக்காரர் ஜாக் ஃபெரானே தென் அமெரிக்காவுல நடந்த போட்டியைப் பாத்துத்தான் எங்களுக்கு இது தோணுச்சுன்னு பேட்டியில சொல்லியிருக்காரு. பெத்தவனே அப்பன் பேரைச் சொன்னப்புறம் எதிரணி எதுக்கு வாதாடுது?

கடைசியா பார்போசா. சான்டியாகோ முடிஞ்சு ரெண்டு வருஷத்துல, 1950 ஜூலை 16, உலகக் கோப்பையோட கடைசி ஆட்டத்துல, ரியோவோட மரக்கானா மைதானத்துல உருகுவே கிட்ட பிரேசில் 2-1னு தோத்துச்சு, பழி முழுக்க பிரேசிலுக்குக் கோல்கீப்பரா நின்ன அந்த மனுஷன் தலையில விழுந்துச்சு, சாகற வரைக்கும் விடல. ஊரே அந்த ஒரு கோலை மட்டும் ஞாபகம் வச்சிருந்துச்சு, சான்டியாகோவுல ரிவரை ஒரு கோல் போட விடாம நின்னதை மறந்துடுச்சு. தென் அமெரிக்க கால்பந்து கூட்டமைப்பு அந்த 1948 பட்டத்தை ஏத்துக்கிட்டு, 1997ல பழைய சாம்பியன்களுக்கான சூப்பர்கோப்பாவுல வாஸ்கோவைச் சேர்த்துச்சு. பார்போசா 2000ல தான் போனாரு. அவர் உயிரோட இருக்கும்போதே அந்தக் கணக்கு சரியாச்சு ஐயா. இந்த மேடையில அதை மறுபடியும் அழிச்சுடாதீங்க.