லாக்டவுன் ஞாயிறு, வீட்டுக்குள்ள பசங்க, என்ன பண்றது? உங்க கேள்விக்கு பதில்

இது 2022 ஜனவரில, கொரோனா ஊரடங்கு நேரத்துல, சென்னை அம்பத்தூர்ல இருந்து ஒரு அம்மா கேட்ட கேள்வி, அப்படியே வாசிக்கிறேன். "போன ஞாயிறு முழு ஊரடங்கு, வர்ற 16ம் தேதி ஞாயிறும் முழு ஊரடங்குன்னுட்டாங்க, ரெண்டு பசங்க, மூணாவதும் ஆறாவதும், ஸ்கூலும் இல்ல, எங்கயும் கூட்டிட்டு போக முடியல, நாள் பூரா போன்தான், சனி ஞாயிறு வந்தாலே பயமா இருக்கு, நீங்க எப்படி சமாளிச்சீங்க?"

அம்மா, அந்த பயம் எனக்கு நல்லாவே தெரியும். 2020 ஏப்ரல்ல எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல ஒரு டைம்டேபிள் ஒட்டினேன், ஒம்பது மணிக்கு யோகா, பத்து மணிக்கு கிராஃப்ட், பதினொண்ணுக்கு கதை புக்குன்னு கலர் கலரா ஸ்கெட்ச்ல எழுதி. ரெண்டாவது வாரமே அதை யாரும் திரும்பி பாக்கல, நான் கத்த அவங்க அழ, எங்க வீட்டுக்காரர் ரூம் கதவை சாத்திட்டு ஆபீஸ் கால்ல உக்கார, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஆனா எனக்கு தலைவலி வந்துடும்.

அது மாறினது 2020 ஜூன் 21, ஞாயித்துக்கிழமை. சென்னைல அப்போ ரொம்ப கடுமையான ஊரடங்கு, 19ம் தேதில இருந்து மாசக் கடைசி வரைக்கும், அதுலயும் அந்த ஞாயிறு எந்த தளர்வும் கிடையாது, கடை கண்ணி எதுவும் இல்ல, ரோடே அப்படியே அடங்கி கிடந்துச்சு. அன்னைக்குதான் சூரிய கிரகணம். நமக்கு இங்க காலைல 10.22க்கு ஆரம்பிச்சு மதியம் 1.41 வரைக்கும், சூரியன்ல சுமாரா மூணுல ஒரு பங்கு மறையும்னு சொன்னாங்க. நேரா பாக்கக்கூடாது, கூலிங் கிளாஸ் போட்டும் பாக்கக்கூடாது, அதுக்குன்னு ஃபில்டர் கண்ணாடி எங்ககிட்ட இல்ல. அப்போ நான் பூரி அரிச்சு எடுக்கிற ஜல்லிக்கரண்டிய எடுத்துக்கிட்டு மாடிக்கு போனேன், வீட்டுக்காரர் ஸ்டூல் மேல ஏறி அதை கைய தூக்கி பிடிச்சாரு, கீழ சிமெண்ட் தரைல வெள்ளை பேப்பர விரிச்சோம். கரண்டில எத்தனை ஓட்டை இருக்கோ அத்தனை சூரியன் பேப்பர்ல, ஒவ்வொண்ணும் ஒரு ஓரத்துல கடிச்ச பிஸ்கட் மாதிரி! நடுவுல மேகம் வந்தா எல்லாம் ஒரே நேரத்துல மறையுது, மேகம் போனா எல்லாம் ஒண்ணா வருது. என் பொண்ணு பென்சிலால ஒவ்வொண்ணையும் சுத்தி வரைஞ்சுட்டே இருந்தா, அரை மணிக்கு ஒரு பேப்பர், பக்கத்துல நேரத்தையும் எழுதி.

என் மாமியார் கிரகணம்னா வெளிய வரமாட்டாங்க. 1980 பிப்ரவரி 16 கிரகணத்துக்கு ஜன்னலெல்லாம் சாத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தோம், தெருவுல ஒரு ஈ காக்கா இல்லன்னு அன்னைக்கு காலைலதான் பசங்ககிட்ட சொல்லிட்டு இருந்தாங்க. பேத்தி போய் கைய பிடிச்சு இழுத்ததும் மெதுவா படியேறி வந்து அந்த பேப்பர குனிஞ்சு பாத்தாங்க, ரொம்ப நேரம் பாத்தாங்க, "இவ்வளவுதானாடி இது"ன்னாங்க. நாப்பது வருஷம் முன்னாடி பாக்காம விட்டவங்க பாத்த முதல் கிரகணம், அதை நினைச்சா எனக்கு இப்பவும் தொண்டை அடைக்குது.

அன்னைக்கு எனக்கு ஒண்ணு புரிஞ்சுது, அம்மா வெச்ச நேரத்துக்கு புள்ளைங்க வராது, ஆனா கிரகணம் பத்து இருபத்திரெண்டுன்னா பத்து மணிக்கே செருப்ப மாட்டிட்டு நிக்கும். ஏன்னா அது யாருக்காகவும் நிக்காது, விட்டா போச்சு. அதனால நாள் பூரா ரொப்ப பாக்காதீங்க, அப்படி தானா ஒரு நேரத்துக்கு வந்துட்டு போற ஒண்ணே ஒண்ண பிடிச்சுக்கோங்க, மிச்ச நேரம் அவங்க சும்மா கிடக்கட்டும், போன் கொஞ்ச நேரம் பாத்தா பாக்கட்டும்.

கிரகணம் வாராவாரம் வராதே அப்படின்னு கேப்பீங்க. இண்டர்நேஷனல் ஸ்பேஸ் ஸ்டேஷன், அதான் விண்வெளி வீரர்கள் தங்கி பூமிய சுத்தி வர்ற நிலையம், அது வருதுங்க. சுமாரா 400 கிலோமீட்டர் உயரத்துல சுமாரா 90 நிமிஷத்துக்கு ஒரு சுத்து, நாசாவோட ஸ்பாட் த ஸ்டேஷன் ஆப்ல உங்க ஊர போட்டா என்னைக்கு எத்தனை மணிக்கு எந்த திசைல தெரியும்னு வரும், இருட்டினதும் இல்ல விடியறதுக்கு முன்னாடிதான் தெரியும், மின்னாம ஒரே சீரா வெளிச்சமா போகும், சில நிமிஷம்தான். இதுக்கு வெளிய எங்கயும் போக வேணாம், மாடி போதும். மாடிக் கதவு பூட்டியிருந்தா அசோசியேஷன் செகரட்டரிகிட்ட சாவி கேளுங்க, கூட்டமா போகாம உங்க குடும்பம் மட்டும் அரை மணி நேரம்னு சொல்லுங்க, பெரும்பாலும் குடுத்துடுவாங்க.

அப்புறம் இது பொங்கல் வாரம். 2015ல இருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புன்னு வருஷா வருஷம் நடக்குது, எங்கயும் போக வேணாம், பால்கனில பதினஞ்சு நிமிஷம் உக்காந்து பாத்தத, எத்தனைன்னு எண்ணி, ஈபேர்டுல, அதாவது பாத்த பறவைங்கள பதிவு பண்ற வெப்சைட்ல, ஏத்துறதுதான். எங்க பால்கனில போன வருஷம் காக்கா, மைனா, கிளி, தேன்சிட்டு, ரெட்டைவால் குருவி, அப்புறம் மேல வட்டம் போடுற ஒரு கரும்பருந்து. பேர் தெரியாட்டி பரவால்ல, வால் எப்படி இருந்துச்சு, மூக்கு என்ன கலருன்னு பெரியவன எழுத சொல்லுங்க, எண்ணுறத சின்னவன்கிட்ட விட்டுடுங்க.

இன்னொண்ணு, இத நான் வீட்டுல இருக்கிற ஆம்பளைங்களுக்கும் சேத்து சொல்றேன். எல்லாரும் வீட்டுல இருந்தா அடுப்பு அணையவே அணையாது, டீ, டிபன், சாப்பாடு, மறுபடி ஸ்நாக்ஸ்னு. அம்மா கிச்சன்ல நின்னுட்டு மத்தவங்க மாடில நட்சத்திரம் பாத்தா அது குடும்ப வீக்கெண்ட் இல்ல. அந்த ஒரு வேளைக்கு முந்தின நாள் மாவு, ஒரு சட்னி, தோசைய அவங்கவங்களே ஊத்திக்கட்டும்.

இந்த ஞாயிறு காலைல ஆறரைக்கு, வெளிச்சம் வரும்போது, நோட்டு பென்சிலோட பால்கனிக்கு வாங்க. முதல்ல எந்த பறவை வந்துச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க, நானும் எங்க வீட்டு லிஸ்ட்ட கீழ போடுறேன்.