லஞ்சத்துக்குன்னே ஒரு டிபார்ட்மென்ட்: ஒடெப்ரெக்ட் கதை

வணக்கம் மக்களே. எந்தக் கம்பெனிலயும் அக்கவுன்ட்ஸ் இருக்கும், ஹெச்ஆர் இருக்கும். பிரேசில்ல ஒடெப்ரெக்ட்னு ஒரு கம்பெனி, அணை, ரோடு, மெட்ரோன்னு எல்லாம் கட்டுறவங்க, அங்க இதோட லஞ்சம் குடுக்கவும் தனியா ஒரு டிபார்ட்மென்ட் இருந்துச்சு. பேரு "ஸ்ட்ரக்சர்டு ஆபரேஷன்ஸ்". என்னமோ இன்ஜினியரிங் செக்‌ஷன் மாதிரி!

2006 வாக்குல ஆரம்பிச்சாங்க. தனி கம்ப்யூட்டர் சிஸ்டம், பணம் வாங்குற அரசியல்வாதிக்கெல்லாம் பட்டப்பேரு, நாடாளுமன்றக் கீழவைக்கே தலைவரா இருந்த எடுவார்டோ குன்யாவுக்கு வச்ச பேரு "நண்டு". பணம் வெளிநாட்டு டம்மி கம்பெனிங்க வழியா சுத்திச் சுத்திப் போகும், ஒரு கட்டத்துல இவங்களுக்கு வேலை பாத்த ஆளுங்க ஆன்டிகுவா தீவுல ஒரு பேங்க் கிளையையே விலைக்கு வாங்கிட்டாங்கன்னா பாத்துக்கோங்க.

2016 டிசம்பர்ல அமெரிக்க கோர்ட்ல கம்பெனியே ஒத்துக்கிட்ட கணக்கு: 12 நாடு, 100க்கு மேல ப்ராஜெக்ட், மொத்த லஞ்சம் சுமார் 78.8 கோடி டாலர்.

(திரையில்: பெரு வரைபடம்)

இப்ப பெருவுக்கு வாங்க. அங்க குடுத்தது சுமார் 2.9 கோடி டாலர், அதால கிடைச்ச ஆதாயம் 14.3 கோடிக்கு மேல. அஞ்சு மடங்கு கிட்ட! எந்த பிசினஸ்ல இப்படி வருது சொல்லுங்க? டெண்டர்ல ரேட்டைக் கம்மியா போட்டு வேலையைப் பிடிக்கிறது, கையெழுத்தான பிறகு திருத்தம், கூடுதல் வேலைன்னு ஒவ்வொண்ணா சேத்து பில்லை ஏத்துறது, இதான் டெக்னிக். அந்த பில்லைக் கட்டுறது கஜானா, அதாவது வரி கட்டுற ஜனம்.

வாங்குனதா பேரு அடிபட்டது நாலு முன்னாள் அதிபருங்க. குசின்ஸ்கி 2018ல பதவியை விட்டாரு. ஆலன் கார்சியா 2019 ஏப்ரல்ல போலீஸ் கைது பண்ண வீட்டுக்கு வந்தப்ப தன்னைத்தானே சுட்டுக்கிட்டு செத்துட்டாரு. டொலேடோவுக்கு 2024ல 20 வருஷம் 6 மாசம், உமாலாவுக்கு 2025ல 15 வருஷம் ஜெயில். ஒடெப்ரெக்ட் எடுத்திருந்த தெற்கு பெரு கேஸ் பைப்லைன் ஒப்பந்தம் 2017 ஜனவரில ரத்தாகி, வேலை பாதில நின்னுபோச்சு.

சரி, குடுத்தவங்க? முதலாளி மார்செலோ ஒடெப்ரெக்ட்டை 2015ல பிடிச்சாங்க, 2016ல 19 வருஷ தண்டனை, அப்ரூவரானதால குறைச்சாங்க. கம்பெனி 2019ல திவால் பாதுகாப்பு கேட்டுச்சு, அடுத்த வருஷமே நோவோனார்னு பேரை மாத்திக்கிச்சு. 2024 மே மாசம் பிரேசில் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஒருத்தர், விசாரிச்ச விதமே தப்புன்னு மார்செலோ மேல அந்த வழக்குல எடுத்த நடவடிக்கை எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டாரு.