எல்லாரும் கிளம்பிப் போனதுக்கு அப்புறம்

எல்லாருக்கும் வணக்கம். கஷ்டமான ஒரு அனுபவத்துக்குப் பிறகு மனசுக்கு என்ன ஆகுதுன்னு பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. பெரிய தலைப்பு, கிடைச்சிருக்கிறதோ கொஞ்ச நேரம், அதனால எல்லாத்தையும் தொட்டுட்டு ஓடாம ஒரு விஷயத்தை மட்டும் பிடிச்சுக்கிறேன். மனுஷன் அந்தச் சம்பவத்தை விட்டு ஒதுங்கி ஒதுங்கிப் போறது இருக்கு பாருங்க, அதைப் பத்தி.

நடந்தது எதுவா வேணா இருக்கட்டும். ஆக்சிடென்ட், தீ, வெள்ளம், யாரோ அடிச்சது, பாலியல் கொடுமை, கூடவே இருந்த ஒருத்தர் திடீர்னு போனது, ஐசியூல கிடந்து பிழைச்சு வந்தது. நடந்த அன்னிக்கு எப்படியோ ஓடிரும், ஏன்னா செய்ய வேலை இருக்கும், ஆஸ்பத்திரி, போலீஸ், இன்சூரன்ஸ் பேப்பர்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு, சுத்தி ஆளுங்களும் இருப்பாங்க. அப்புறம் எல்லாரும் கிளம்பிப் போயிருவாங்க, போன் வர்றது குறையும், ஆபீஸ்ல "பரவாயில்ல, எப்ப ஜாயின் பண்றீங்க"ன்னு கேட்பாங்க. பல பேருக்கு நிஜமான கஷ்டம் அங்கதான் ஆரம்பிக்குது, அதைப் பார்க்க அப்ப பக்கத்துல ஆள் இருக்காது.

முதல் சில வாரம் தூக்கம் வராது, கதவு சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடும், கண்ணை மூடினா அதே காட்சி, சாப்பாடு இறங்காது, சின்ன விஷயத்துக்கு அழுகை, இல்லன்னா அழுகையே வராம மரத்துப்போன மாதிரி. இதெல்லாம் வியாதி இல்லீங்க. ஆபத்துல மாட்டின உடம்பு, இன்னும் ஆபத்து முடியலன்னு நினைச்சு காவல் காக்குது, அவ்ளோதான். பெரும்பாலானவங்களுக்கு இது தன்னால படிப்படியா இறங்கும். ஒரு மாசம் தாண்டியும் அதே வேகத்துல இருக்கு, வேலை, வீடு, உறவு எல்லாத்தையும் பாதிக்குதுன்னா மட்டும்தான் டாக்டர்கள் பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிறகு வர்ற மனக்கோளாறுங்கிற கோணத்துல யோசிப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, உலகத்துல சுமார் 70 சதவீதம் பேர் வாழ்க்கையில ஒரு தடவையாவது இந்த மாதிரி அதிர்ச்சி தரக்கூடிய ஒண்ணைச் சந்திப்பாங்க, அதுல பி.டி.எஸ்.டி. வரைக்கும் போறவங்க 5.6 சதவீதம். அதாவது இருபது பேர்ல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேல. இதைக் கேட்டுட்டு "அப்ப எனக்கு மட்டும் ஏன்"னு யாரும் தன்னைக் குறைச்சு நினைக்க வேண்டாம், ஏன்னா அந்தக் குறைச்சு நினைக்கிறதுக்கு ரொம்ப நீளமான, அசிங்கமான வரலாறு இருக்கு.

அமெரிக்க உள்நாட்டுப் போர் சிப்பாய்கள்ல பல பேருக்குக் காயம் இல்லாமலே நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குறதுன்னு இருந்ததை டா கோஸ்டாங்கிற டாக்டர் 1871ல எழுதி வச்சார், அப்ப அதை இதயக் கோளாறாதான் பார்த்தாங்க. முதல் உலகப் போர்ல, 1915ல, சார்லஸ் மையர்ஸ்ங்கிற பிரிட்டிஷ் டாக்டர் மருத்துவப் பத்திரிகையில "ஷெல் ஷாக்"னு எழுதினார், குண்டு வெடிக்கிற அதிர்வுல மூளை கலங்கிருச்சுன்னு முதல்ல நினைச்சாங்க, அப்புறம் பார்த்தா குண்டு பக்கத்துல வெடிக்காதவனுக்கும் அதே கை நடுக்கம், அதே பேச்சு வராத நிலை. அதே போர்ல பிரிட்டிஷ் ராணுவம் ஓடிப்போனான், கோழைன்னு சொல்லி சொந்த சிப்பாய்களையே சுட்டுக் கொன்னுது, அதுல சில பேர் மனசு உடைஞ்சு போனவங்கன்னு பின்னாடி பேசப்பட்டது, 306 பேருக்கு 2006லதான் மன்னிப்பு கொடுத்தாங்க. வியட்நாம் போர்லேர்ந்து திரும்பினவங்களைப் பார்த்தப்புறம், 1980லதான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட கையேட்டுல பி.டி.எஸ்.டி. ஒரு நோயா ஏறிச்சு. இன்னிக்கும் வீட்டுல ஒருத்தர் "எவ்வளவு நாளைக்குத்தான் இதையே பிடிச்சுக்கிட்டு இருப்ப"ன்னு கேட்கும்போது அந்தப் பழைய பார்வைதான் பேசுதுன்னு எனக்குத் தோணும்.

சரி, ஒதுங்குறதுக்கு வர்றேன். பைக்ல போய் லாரியில அடிபட்டுப் பிழைச்ச ஒரு ஆளை எடுத்துக்குவோம். குணமானதும் அந்த ரோடு வழியா போக நெஞ்சு அடிச்சுக்கும், அதனால சுத்துவழியில போவார். சுத்துவழியில போனதும் நிம்மதியா இருக்கும். பிரச்சினையே அந்த நிம்மதிதான், ஏன்னா மூளை "பார்த்தியா, அந்தப் பக்கம் போகாததாலதான் தப்பிச்ச"ன்னு எழுதி வச்சுக்கும். அடுத்து பைக்கே வேண்டாம், அப்புறம் ராத்திரி வெளிய வேண்டாம், அப்புறம் லாரி ஹாரன் கேட்கிற எந்த மெயின் ரோடும் வேண்டாம், அப்புறம் வேலையையே விட்டுரலாமான்னு யோசனை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராதுன்னு சும்மாவா சொன்னாங்க, பூனைக்கு அடுப்பு இல்லாம வாழ்ந்துர முடியும், மனுஷனுக்கு ரோடு இல்லாம முடியாது. ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேர நிம்மதிக்காக வாழ்க்கையில ஒவ்வொரு ரூமா பூட்டிக்கிட்டே போறோம், அடுத்த தடவை பயம் குறைஞ்சு இருக்குமான்னா இல்ல, கூடத்தான் இருக்கும்.

ஒதுங்குறது எப்பவும் ஒதுங்குற மாதிரி தெரியாதுங்கிறதுதான் இதுல பெரிய தலைவலி. ராத்திரி பகலா வேலை பார்க்கிறவரை எல்லாரும் "பாரு, எப்படி மீண்டு வந்துட்டார்"னு பாராட்டுவாங்க, அவருக்கு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்தா அந்த நினைப்பு வந்துரும்னு பயம். விடியுற வரைக்கும் போனைத் தள்ளிக்கிட்டே இருக்கிறது, குடி, எப்பப் பார்த்தாலும் ஜோக் அடிக்கிறது, யாராவது அந்தப் பேச்சை எடுத்தா எரிஞ்சு விழுறது, எல்லாம் அதே குடும்பம்தான். குறிப்பா ஆம்பளைங்ககிட்ட சோகம் வெளிய வரும்போது கோபமா வர்றதை நிறைய பார்க்கலாம், வீட்டுல இருக்கிறவங்க "இவருக்குத் திமிர் கூடிருச்சு"ன்னு நினைச்சுக்குவாங்க.

இப்ப நீங்க கேட்கலாம், அப்ப உடனே உட்கார வச்சு எல்லாத்தையும் பேச வச்சிரணுமான்னு. இல்ல. இங்கதான் ரொம்ப பேர் தப்பு பண்றாங்க, நிபுணர்களே பண்ணாங்க. 1980கள்லேர்ந்து டீபிரீஃபிங்னு ஒரு முறை பரவிச்சு, விபத்து நடந்த சில நாளுக்குள்ள ஒரே சிட்டிங்ல நடந்தது முழுக்க சொல்ல வச்சுட்டா பின்னாடி பிரச்சினை வராதுன்னு நம்பினாங்க, கேட்க நல்லாத்தான் இருந்துது. தீக்காயம் பட்டவங்களை வச்சு 1997ல வெளிவந்த ஒரு ஆய்வுல 13 மாசம் கழிச்சுப் பார்த்தா, அப்படிப் பேச வச்சவங்கள்ல 26 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி., சும்மா விட்டவங்கள்ல 9 சதவீதம். பேச வச்ச குழுவுக்கு ஆரம்பத்துலயே காயம் கொஞ்சம் அதிகம்தான், அதையும் சொல்லிரணும், ஆனா அப்புறம் எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்தவங்களும் இதனால பலன் இல்ல, கட்டாயமா செய்யுறதை நிறுத்துங்கன்னுதான் சொன்னாங்க. அதுக்குப் பதிலா 2011ல உலக சுகாதார நிறுவனமும் மத்தவங்களும் சேர்ந்து கொண்டு வந்த, மனசுக்கான முதலுதவி வழிகாட்டி ரொம்ப சாதாரணமா இருக்கும்: என்ன நிலைமைன்னு பாரு, அவங்க பேசினா கேளு, தேவையான உதவியோட சேர்த்து விடு. தண்ணி, போர்வை, வீட்டுக்கு ஒரு போன், பத்திரமா ஒரு இடம்.

அதாவது, பேசுன்னு நெருக்காதீங்க, பேசாதன்னும் வாயை மூடாதீங்க. நமக்கு ரெண்டாவதுதான் அதிகம் வருது. "விடு, நடந்தது நடந்து போச்சு", "உனக்காவது உயிர் இருக்கே", "மத்தவங்களைப் பாரு". சொல்றவங்க பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா பாதி நேரம் கேட்க நமக்கு தைரியம் இல்லாததாலதான் சொல்றோம்னு நினைக்கிறேன். அவர் பேச ஆரம்பிச்சா உட்கார்ந்து கேளுங்க, தீர்வு சொல்ல வேண்டாம். மூணு மாசம் கழிச்சு, எல்லாரும் மறந்தப்புறம், "எப்படி இருக்க, தூக்கம் வருதா"ன்னு ஒரு போன் பண்ணுங்க, அதுக்கு இருக்கிற மதிப்பே வேற.

இன்னொரு விஷயம், குற்ற உணர்ச்சி. "நான் அஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்பிருந்தா", "அன்னிக்கு அவளைப் போகாதன்னு சொல்லிருந்தா". எந்தத் தப்பும் செய்யாதவங்கதான் இதுல அதிகம் மாட்டுவாங்க. ஏன்னு யோசிச்சா ஒரு காரணம் புரியும்: தப்பு என்னுதுன்னா, அடுத்த தடவை நான் ஒழுங்கா இருந்தா தடுத்துரலாம், உலகம் இன்னும் என் கன்ட்ரோல்லதான் இருக்கு. தப்பு யாருதும் இல்ல, இல்லன்னா வேற எவனோ செஞ்சதுன்னா, நான் கையாலாகாம நின்னேன்னு ஒத்துக்கணும், அது அதை விட வலிக்கும். அதனால மனசு குற்ற உணர்ச்சியைத் தேர்ந்தெடுக்குது. "உன் மேல தப்பே இல்ல"ன்னு நூறு தடவை சொன்னாலும் இறங்காதது இதனாலதான். நடந்த அந்த நேரத்துல உனக்கு என்ன தெரிஞ்சிருந்துது, என்ன வழி இருந்துதுன்னு அவங்களையே நிதானமா பார்க்க வைக்கிற சிகிச்சை இருக்கு, சி.பி.டி. (காக்னிடிவ் பிராசஸிங் தெரபி)ன்னு சொல்லுவாங்க, வழக்கமா 12 சிட்டிங்.

துக்கம் பத்தி சுருக்கமா. நெருங்கினவங்க இறந்து ஒரு வருஷம் தாண்டியும், கிட்டத்தட்ட தினமும், வாழ்க்கையே நகராத அளவுக்கு ஏக்கம் இருந்தா அதை நீடித்த துக்கம்னு ஒரு தனி நோயா அந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டுல 2022ல சேர்த்துட்டாங்க. துக்கத்தை எப்படி நோய்ங்கலாம்னு சண்டை நடந்துது, அந்தச் சண்டை நியாயமானதுதான், இருந்தாலும் அந்த ஒரு சின்னக் கூட்டத்துக்கு உதவி கிடைக்குதேன்னு நான் அந்தப் பக்கம் சாய்வேன். அதிர்ச்சியைச் சந்திச்ச குழந்தைங்க வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க, விளையாட்டுல திரும்பத் திரும்ப அதையே நடத்திக் காட்டுவாங்க, விட்டுப்போன படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்ப வரும், திட்டாதீங்க.

"கஷ்டம்தான் மனுஷனைச் செதுக்கும்"னு சொல்றதும் பாதி உண்மை. அதிர்ச்சிக்குப் பிறகு சில பேர் வளர்றாங்கன்னு டெடெஸ்கி, கால்ஹூன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1990கள்லேர்ந்து எழுதிட்டு வர்றாங்க. அது தானா வந்தா சந்தோஷம். அடுத்தவன் வலியில இருக்கும்போது "இதுலேர்ந்து என்ன கத்துக்கிட்ட"ன்னு கேட்கிறது, என்னைக் கேட்டா, கொடுமை.

யாராவது "வாழ்ந்து என்ன ஆகப் போகுது"ங்கிற மாதிரி பேசினா நேரடியாவே கேளுங்க, சாகணும்னு தோணுதான்னு. கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்சுருவோம்னு பயப்படுறாங்க, அப்படி ஆகாது, பல பேருக்கு ஒருத்தர் கேட்டுட்டாரேன்னு பாரம்தான் இறங்கும். தனியா விடாதீங்க, உடனே டாக்டர்கிட்டயோ ஹெல்ப்லைன்லயோ சேர்த்து விடுங்க.

சிகிச்சைன்னா மாத்திரை போட்டுத் தூங்க வைக்கிறதுன்னு நினைக்கிறாங்க. டாக்டர் சொல்லாம தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கிட்டே இருந்தா, பயத்தைச் சந்திக்கிற வேலையே நடக்காது, பழக்கமும் ஆகிரும். நல்லா ஆதாரம் இருக்கிற சிகிச்சைகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில ஒதுங்குனதை மெதுவா திரும்பச் சந்திக்க வைக்கிறதுதான். எட்னா ஃபோவாங்கிற உளவியல் நிபுணர் உருவாக்கின முறையில நடந்ததை சிகிச்சையாளர் முன்னாடி பாதுகாப்பா திரும்பத் திரும்பச் சொல்லணும், ஒதுக்கின இடங்களுக்குப் படிப்படியா போகணும், அந்த பைக்காரர் முதல்ல நின்னுக்கிட்டிருக்கிற பைக்ல சும்மா உட்காருவார், அப்புறம் தெரு முனை வரைக்கும், அப்புறம் ஒருநாள் அந்த ரோடு. நடந்ததை நினைச்சுக்கிட்டே கண்ணை இடம் வலமா ஓட்டச் சொல்ற இ.எம்.டி.ஆர்.னு இன்னொரு சிகிச்சை, பலன் இருக்கு, கண்ணு ஓட்டுறதாலதான் பலனான்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் அடிச்சுக்கிறாங்க, அது அவங்க பாடு.

போறவங்களுக்கு ஒண்ணு முன்கூட்டியே சொல்லிர்றேன். ஆரம்பத்துல சில சிட்டிங்ல நிலைமை இன்னும் மோசமான மாதிரி தோணலாம், கனவு கூடலாம், அடுத்த வாரம் போகாம இருக்க உங்களுக்கு நூறு காரணம் கிடைக்கும், அந்த நூறு காரணமும் நான் இவ்வளவு நேரம் சொன்ன அதே ஒதுங்குறதுதான். சத்தமில்லாம நின்னுறாதீங்க, "எனக்கு இது ரொம்ப அதிகமா இருக்கு"ன்னு அவங்ககிட்டயே சொல்லுங்க, வேகத்தைக் குறைக்க அவங்களுக்குத் தெரியும். குறைக்கலன்னா, இல்ல அந்த ஆள் உங்களைக் கேள்வி கேட்டே குற்றவாளியாக்குறார்னா, தாராளமா வேற ஆளைத் தேடுங்க, அது உங்க உரிமை. நன்றி, வணக்கம்.